தணிக்கை அனுபவம் பன்னிரண்டு ஆண்டு

வட்டாரத் தோட்டப்பயிர் விற்பனை வாரியத்தின் கண்காணிப்பாளர் கிறிஸ்துராஜுக்கு ஒரு தனித் திறமை இருந்தது. ஒரு பதவிக்கு யாருமே கிடைக்காதபடி தகுதி எழுதுவார்.

இன்னாருக்கு வேலை போக வேண்டும் என்று அந்த ஆளின் உடம்புக்கு அளவெடுத்துத் தகுதி எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது சுலபம். ஒருவர்கூட உள்ளே நுழையக் கூடாது, பார்க்கிறவர்களுக்கு நியாயமாகவும் தெரிய வேண்டும் என்றால் அதற்குத்தான் மூளை வேண்டும். வாரியத்தின் உள்தணிக்கை இயக்குநர் பதவிக்கு அவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த விளம்பரத்தைப் படித்தால் அந்த மூளையின் வேலை தெரியும். வணிகவியலில் முதல் வகுப்புப் பட்டம், கூடவே சட்டப் பட்டம், இந்தியில் பேசவும் எழுதவும் பழக்கம், மலைப் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய அனுபவம், இவற்றோடு பதினைந்து வருடத் தணிக்கை அனுபவமும் வேண்டும். வயது மட்டும் முப்பதைத் தாண்டக் கூடாது. இத்தனையும் உள்ளவன் பால்குடி மறந்த கையோடு பேரேட்டைத் தூக்கியிருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை விளம்பரம் போகும். யாரும் தேற மாட்டார்கள். "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துக்கு வைக்கும்போது கிறிஸ்துராஜின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரியும். அதையும் பழகி வைத்திருந்தார். வாரியத் தலைவர் ஒட்டன்சத்திரத்தில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். தணிக்கை என்ற பேச்சே அவருக்கு ஆகாது. தனக்காகத்தான் இந்த மனிதர் இவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொங்கலுக்கும் கிறிஸ்துராஜ் வீட்டுக்கு ஒரு மூட்டை வெங்காயம் அனுப்பினார்.

கிறிஸ்துராஜ் பாடுபட்டது தலைவருக்காக அல்ல, தன் நாற்காலிக்காக. கண்காணிப்பாளராக இருப்பவர் அரசின் கணக்குத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி. தேறும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் பதினோரு வருடத்துக்கு முன்னால் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரோ தேறவே இல்லை. இத்தனைக்கும் அது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதுகிற தேர்வு. புத்தகம் கையில் இருக்கும், விடை புத்தகத்தில் இருக்கும், எந்தப் பக்கத்தில் என்பதுதான் அவருக்குத் தெரியாது. தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிடும். ஆறு தடவை இப்படி ஆன பிறகு, தேறிவிட்டதாக வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி செபாஸ்தியம்மாள் அன்று கோழிக் குழம்பு வைத்து மேட்டுப்பட்டித் தெரு முழுக்கச் சொல்லி வந்தாள். ஆபீசில் யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை. பதவி கொடுத்த செயலாளர் மாற்றலாகிப் போனார். தற்காலிகம் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

உள்தணிக்கைக்கு ஒருவன் வந்தால் முதலில் எந்த நாற்காலியில் யார் எந்தத் தகுதியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பான். பார்த்தால் அன்றைக்கே கிறிஸ்துராஜ் உதவியாளர் மேஜைக்கு இறங்க வேண்டும். தான் அதட்டி வேலை வாங்கிய ஆட்களுக்கு நடுவில் போய் உட்கார வேண்டும்.

திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்த மறு வருடம் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உள்தணிக்கைப் பதவியை மூன்று மாதத்துக்குள் நிரப்பாத வாரியத்துக்கு மானியம் கிடையாது. தகுதி என்ன என்பதையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பட்டம் அல்லது அதற்குச் சமமான சேவை, பத்து வருட ஆடிட் அனுபவம், அவ்வளவுதான். வயதைப் பற்றிப் பேச்சில்லை, மோட்டார் சைக்கிளைப் பற்றியும் பேச்சில்லை. விளம்பரம் தமிழில் வர வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி.

கிறிஸ்துராஜ் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆட்சிச்சொல் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். ஆடிட் என்பதற்கு அதில் தணிக்கை என்று இருந்தது. "தணிக்கைப் பணியில் பத்தாண்டு அனுபவம்" என்று எழுதினார். முன்னால் கணக்கு என்று ஒரு சொல் சேர்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சொல் அவருக்குக் கொடுத்த தொல்லைக்கு அது மறந்துபோனதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நேர்முகத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முனீஸ்வரி. மதுரையில் ஒரு நூற்பாலையில் ஆடிட் பார்ப்பவர். நாகல் நகர் வாடகைக் கட்டடத்தில் இருந்த வாரிய அலுவலகத்துக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் அவர்தான் முதலில் கேள்வி கேட்டார்: இங்கே பணியாளர்களின் தகுதிகளைக் கடைசியாகச் சரிபார்த்தது எந்த வருடம்? தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கிறிஸ்துராஜைப் பார்த்தார். கிறிஸ்துராஜ் மின்விசிறியைப் பார்த்தார். அந்த அம்மாள் போனதும் அவசர அவசரமாகக் காகிதத்தைப் புரட்டியதில் ஒரு நிம்மதி கிடைத்தது. அவருடைய அனுபவம் எட்டே வருடம்தான். பத்தாண்டு என்று போட்டது சென்னைக்காரர்கள், நாம் என்ன செய்வது என்று தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

இன்னொருவர் அழகர். சாணார்பட்டிப் பக்கத்துக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினைந்து வருடப் பட்டாளச் சேவை பட்டத்துக்குச் சமம் என்று விதி இருந்ததால் முதல் தகுதி சரியாகிவிட்டது. இரண்டாவதுக்கு அவர் கொண்டுவந்திருந்த சான்றில் பன்னிரண்டு வருடம் தணிக்கைப் பணி என்று இருந்தது. பட்டாளத்தில் எந்தக் கணக்கைத் தணிக்கை செய்தீர்கள் என்று செயலாளர் மரியாதையாகக் கேட்டார். அழகர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"கணக்கு இல்லைங்கய்யா, கடுதாசி. எல்லையில இருக்கற நம்மாளுக வீட்டுக்கு எழுதுவாங்கள்ல, அதப் பிரிச்சுப் படிச்சு, வெளிய போகக் கூடாத சேதிய மை போட்டு அழிச்சு அனுப்பணும். ஆபீசருங்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால தமிழ்க் கடுதாசி அம்புட்டும் நான்தான். நோட்டீசுல தணிக்கைன்னு பாத்தேன், வந்தேன். கணக்கு எனக்குத் தெரியாது."

ஆறு வருடமாக ஒரு தணிக்கையாளர் வராமல் இருக்க வேண்டினால், கணக்கே தெரியாத தணிக்கையாளர் ஒருவர் நடந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தலைவரின் முகம் மெல்ல மெல்லப் பூத்தது.

"ஏனுங்க கிறிஸ்துராஜ், நோட்டீசுல கணக்குன்னு போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

கிறிஸ்துராஜ் தான் எழுதியதை அப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறவர்போல் படித்தார். தன் பிழை தெரிந்தது. அது எவ்வளவு அழகான பிழை என்பதும் தெரிந்தது. "இல்லைங்கய்யா. தணிக்கைன்னு மட்டும்தான் இருக்கு" என்றார்.

"அப்புறமென்னங்க. கவருக்கு உள்ள இருக்கறதப் படிச்சவரு. உள்தணிக்கைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்று தலைவர் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் பொங்கல் வருவதற்கு முன்பே வெங்காய மூட்டை வந்துவிட்டது, கூடவே ஒரு தார் மலைவாழைப்பழமும்.

புதிய இயக்குநருக்குத் தனி அறை, சுழல் நாற்காலி, கதவுக்குத் திரைச்சீலை எல்லாம் கொடுத்தார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு வாரம் அழகர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் வாசலில் நின்று பழ லாரிகளை எண்ணினார். மூன்றாம் வாரம் கிறிஸ்துராஜின் மேஜைக்கு வந்து, இப்படிச் சும்மா இருந்து சம்பளம் வாங்கினால் சோறு இறங்கவில்லை என்றார். ஏதோ கணக்குத் தேர்வு இருக்கிறதாமே, அதை எழுதித் தேறிவிட்டால் வேலை பார்க்கலாம் அல்லவா, சார்தான் அதில் தேறியவர், தனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கிறிஸ்துராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாது என்று சொன்னால் எப்படித் தெரியாது என்ற கேள்வி வரும். நேரமில்லை என்றால் மேலதிகாரி கேட்டு மறுத்ததாக ஆகும். சரி என்றார். ஐம்பதை நெருங்குகிற பட்டாளத்துக்காரருக்குக் கணக்கு எங்கே ஏறப் போகிறது, நாலு நாளில் தானே விட்டுவிடுவார் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார். அவர் போட்ட மற்றக் கணக்குகளைப் போலவே இதுவும் தப்பாகப் போனது.

அழகர் விடவில்லை. சாயங்காலம் ஆபீஸ் கலைந்ததும் சுழல் நாற்காலியைக் கிறிஸ்துராஜுக்குக் கொடுத்துவிட்டு, இயக்குநரான தான் எதிரே மர ஸ்டூலில் உட்காருவார். ஒரு வரி படிப்பார், நிறுத்துவார். கடிதத்தில் நேராகச் சொல்லாததைத் தேடியே பழகிய கண் அது. ஒவ்வொரு விதிக்கும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இத எவனுக்குப் பயந்து சார் எழுதியிருக்காங்க?"

இந்தக் கேள்வியைக் கிறிஸ்துராஜிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் புத்தகத்தைக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு திருட்டுத்தனம் தெரிந்தது. வாரியத்தில் நடந்த திருட்டுத்தனங்கள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. பயணப்படி விதியைப் படித்தபோது, நின்ற இடத்திலேயே கொடைக்கானல் போய் வந்த ஜீப் ஞாபகம் வந்தது. கொள்முதல் விதியைப் படித்தபோது, திராட்சைப் பெட்டிக்கு வாங்கிய பலகை தலைவரின் மண்டிக் கதவாக ஆனது ஞாபகம் வந்தது. இன்ன விதி இன்ன ஆளுக்கு என்று அழகருக்குச் சொல்லச் சொல்ல, அவருக்கே பக்கம் பக்கமாக மனத்தில் நின்றது. முன்பு எந்தப் பக்கம் என்று திண்டாடியவர் இப்போது கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தால் கேட்ட பக்கம் வந்தது. அந்தச் சாயங்காலங்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

மே மாதத் தேர்வுக்கு அழகர் விண்ணப்பித்தார். யாரிடமும் சொல்லாமல் கிறிஸ்துராஜும் விண்ணப்பித்தார். ஒரே ஒரு தடவை, தனக்காக எழுதிப் பார்க்க ஆசைப்பட்டார். திண்டுக்கல்லில் எழுதினால் அழகர் பார்த்துவிடுவார் என்று மதுரையைத் தேர்ந்தெடுத்தார். கண் பரிசோதனைக்குப் போவதாக ஆபீசில் சொன்னார், வீட்டிலும் சொன்னார்.

மதுரையில் பள்ளிக்கூட வாசலில் தலையணை கனத்துக்குப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நின்றபோது, எதிரே அதே புத்தகத்தோடு அழகர் வந்தார். வாரியத்தின் இயக்குநர் குமாஸ்தாக்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதுவதை உள்ளூரில் யாரும் பார்க்க வேண்டாம் என்று தலைவர்தான் அவரை மதுரைக்கு அனுப்பியிருந்தார். அழகர் அவருடைய புத்தகத்தைப் பார்த்தார், சட்டைப் பையில் தலை நீட்டிய நுழைவுச் சீட்டைப் பார்த்தார்.

"கண்ணு பாக்க வந்தீங்களா சார்?"

"ஆமா... கூட்டமா இருந்துச்சு."

"சரி வாங்க. மணி அடிச்சிருவான்."

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். கொடைரோடு வரைக்கும் கிறிஸ்துராஜ் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் அங்கே நின்றதும் அழகர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிப் பாதியை நீட்டினார். பிறகு பரீட்சையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தகுதித் தேர்வு தேறாமல் பதவியில் இருந்த ஒருவர் பிறகு தேறினால் என்ன செய்வது என்ற பெரிய கேள்வியைத் தான் சரியாக எழுதியதாகச் சொன்னார். கிறிஸ்துராஜும் அதைத்தான் நன்றாக எழுதியிருந்தார். சொல்லவில்லை. வெள்ளரிப்பிஞ்சைக் கடித்தார். அழகரே பேசினார்:

"சார், பட்டாளத்துல வீட்டுக்கு எழுதுற கடுதாசியில எதையாச்சும் ஒளிக்காதவன் கெடையாது. எத்தனையோ படிச்சேன். வேலைக்கு வேண்டியத மட்டும் பாத்தேன். மத்தத அன்னைக்கே மறந்துட்டேன்."

கிறிஸ்துராஜ் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

முடிவுகள் அரசிதழில் வந்தன. இருவர் பெயரும் இருந்தது. கிறிஸ்துராஜ் தன் பெயரை நாலு தடவை படித்தார். பிறகு கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதார். உடனே போய் செபாஸ்தியம்மாளிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவள் கணக்கில் அவர் தேறிப் பல வருடம் ஆகிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக நேர்மையாக ஒன்றைச் சாதித்திருக்கிறார், அதைச் சொல்லிக்கொள்ள உலகத்தில் ஒரு ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்குத் தனியாகப் போய் ஒரு கேசரி சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்.

மறு வாரம் ஒரு சாயங்காலம் அழகர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வழக்கம்போல் சுழல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில், தணிக்கையில் கண்ட குறையை எழுதிய தாள் ஒன்று இருந்தது.

"மொத தணிக்கைத் தடை எழுதிட்டேன் சார். செத்த பாத்துக் குடுங்க."

கிறிஸ்துராஜ் படித்தார். கண்காணிப்பாளர் திரு. கிறிஸ்துராஜ் உரிய தேர்வில் தேறாமலே பதினோரு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து வந்துள்ளார் என்று தொடங்கியது. கடிதமாக இருந்தால் மறந்திருப்பேன், இப்போது தேர்வும் தேறிச் சம்பளமும் வாங்குகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை என்று அழகர் தலையைக் குனிந்தபடி சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. கடைசி வரியையும் படியுங்கள் என்றார்.

கடைசி வரி இப்படி இருந்தது: "இவர் தற்போது தேறிவிட்டபடியால் இப்பொருளை இத்துடன் முடித்துக்கொள்ளலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார். நாற்காலி போகாது. இனிமேல் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, யாருக்கும் தகுதி எழுதித் தடுக்க வேண்டியதில்லை. கிறிஸ்துராஜ் தாளைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

"இது தப்பு" என்றார்.

அழகர் நிமிர்ந்து பார்த்தார்.

"தேர்வு முடிஞ்ச மறுநாள்ல இருந்துதான் பலன். முன்னால இருந்தது எதையும் அது சரி பண்ணாது. பரீட்சையில இத நல்லா எழுதுனேன்னு பஸ்ல சொன்னீங்களே?"

"பரீட்சை வேற சார்" என்றார் அழகர்.

அப்படியானால் தெரிந்தேதான் தப்பாக எழுதியிருக்கிறார். தன்னைக் காப்பாற்ற ஒரு நல்ல மனிதர் பொய் எழுதுகிறார் என்றால் நன்றி வர வேண்டும். கிறிஸ்துராஜுக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை சாயங்காலம் இந்த அறையில் உட்கார்ந்து தொண்டை வறள இந்த விதியைச் சொல்லியிருப்பார். அரசுத் தணிக்கைக்காரன் ஒருவன் நாளைக்கு வந்து இந்த வரியைப் பார்த்தால் சிரிப்பான், கையெழுத்துப் போட்டவரைக் கேட்பான், உங்களுக்கு யார் ஐயா சொல்லிக் கொடுத்தது என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு அழகர் கிறிஸ்துராஜின் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பேனாவைத் திறந்து கடைசி வரியை அடித்தார். பதவி உயர்வு ஆரம்பத்திலிருந்தே செல்லாது, தேர்வு முடிந்த மறுநாள் முதல்தான் தகுதி, பதவி உயர்வை உதவியாளர்களில் அவர் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விதி எண்ணோடு எழுதினார். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை.

"சார், நல்லா ரோசிச்சுக்கங்க. இது உங்க தலையில விழுது."

"என்கிட்டப் படிச்சவரு தப்பா எழுதுனாருன்னு ஒரு பய சொல்லக் கூடாது" என்றார் கிறிஸ்துராஜ்.

பிறகு தாளின் மேற்புறத்துக்கு வந்தார். 'கண்காணிப்பாளர் திரு. கிறிஸ்துராஜ்' என்று இருந்தது. கீழே எழுதியது சரி என்றால் மேலே இருப்பது நிற்காது. அந்த ஒரு சொல்லை மெதுவாக அடித்தார். அதற்கு மேலே 'உதவியாளர்' என்று எழுதினார். கடைசி எழுத்து கோணலாக விழுந்தது. தாளை நீட்டினார். அழகர் வாங்கவில்லை.

"வாங்கிக்கங்க. ஒற்றுப் பிழை ரெண்டு இருந்துச்சு, அதையும் திருத்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிறிஸ்துராஜ் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்தார்.